மிதவைக்கு ஒரு கயிறு

நமச்சிவாயம் புதுச்சேரியில் துணிக்கடை வைத்திருப்பவர். ஐம்பது தாண்டிய பிறகு கடலுக்கடியில் நீந்தக் கற்றுக்கொள்ள வந்தார். கற்றுக்கொடுத்த மார்கரீத் அவருடைய மகளைவிடச் சின்னவள். ஆனாலும் அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

அன்று முதல்முறையாக மிதவையை அவரே விட வேண்டும். மேலே வருமுன் நீருக்கடியில் காற்று நிரப்பி, கயிற்றில் கட்டி அனுப்பும் நீளமான ஆரஞ்சு நிறப் பை அது. நீரோட்டம் ஆளை எங்கே இழுத்துப் போனாலும் அதைப் பார்த்துத்தான் படகு தேடி வரும்.

படகில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மிதவைக் கயிற்றைச் சுற்றி வைக்கப் புதிதாக வாங்கிய ரீலை நீட்டினார். கைப்பிடி, பூட்டு, திணிக்கத் திணிக்கச் சுற்றிய தடித்த கயிறு.

"ரெண்டு ஆளைக் கட்டித் தூக்கலாம் டீச்சர். அறவே அறாது. நல்ல கயிறுதானே?"

"எடுத்துக்கிட்டு வாங்க சார்."

"எப்படி இருக்குன்னு சொல்லலையே?"

"கீழ போய்ப் பேசுவோம்."

கீழே யாராலும் பேச முடியாது.

பதினெட்டு மீட்டர் ஆழம். மஞ்சள் மீன் கூட்டம் ஒன்று அவரைச் சுற்றி வளைத்துப் பிரிந்தது. அவள் கைகாட்டினாள். மிதவைக்குள் காற்றை ஊதினார். அது விம்மிக்கொண்டு கிளம்பியது. ரீல் கிறுகிறுவென்று சுழன்றது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

சட்டென்று ரீல் நின்றது. கயிறு பக்கவாட்டில் நழுவி அச்சில் சிக்கியிருந்தது. மிதவை நிற்கவில்லை. அவரையும் தூக்கிக்கொண்டு ஏறியது. அந்த வேகத்தில் மேலே போனால் நுரையீரல் தாங்காது. அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் பிடியை இறுக்கினார்.

மார்கரீத் பாய்ந்து அவர் இடுப்புப் பட்டையைப் பற்றினாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ரீல் பிய்த்துக்கொண்டு மேலே பறந்தது. இருவரும் அங்கேயே நின்றார்கள்.

அவர் மூச்சு சீராகும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை. பிறகு தன் பையிலிருந்து இன்னொரு மிதவையை எடுத்தாள். அதோடு ஒரு சின்ன உருளை. நடுவில் ஓட்டை, மெல்லிய கயிறு. கைப்பிடி கிடையாது, பூட்டு கிடையாது. அவரிடம் கொடுத்தாள்.

இரண்டு விரலுக்கு நடுவே அதைத் தளர்த்திப் பிடித்தார். ஊதினார். உருளை விரல் நுனியில் பம்பரமாகச் சுற்றியது. மிதவை நேராக மேலே போய் நின்றது. அவர் சிரித்த சிரிப்பில் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது.

மெல்ல மேலே வந்தபோது படகு சீறிக்கொண்டு வந்தது. படகோட்டி ஏழுமலை கத்தினார்.

"மொத மிதவையத் தூக்கிப் பாத்தா, கயித்துல ரீலுதான் தொங்குது, ஆளக் காணோம்! உசுரே போயிடுச்சு. திரும்பிப் பாக்கறேன், அங்க இன்னொண்ணு எழும்புது! விட்டேன் பாருங்க படகை!"

நமச்சிவாயம் படகில் மல்லாந்து கிடந்தார். மூச்சு வாங்கியது, சிரிப்பும் நிற்கவில்லை. சின்ன உருளையைக் கையில் இறுக்கி வைத்திருந்தார்.

"டீச்சர், இன்னைக்கே கடைக்குப் போறேன். எவ்வளவு நீளம், என்ன தடிமன், எந்தக் கயிறு வாங்கணும்? சொல்லுங்க!"

மார்கரீத் அவருடைய கையைப் பார்த்தாள். விரல்கள் வெளுத்திருந்தன.

"முதல்ல அந்தக் கையைத் திறங்க சார். கயிறு அப்புறம் வாங்கலாம்."