மையழகியின் வயிற்றில் குடியிருந்தவர்கள்

மருதோடையின் கரையில் ஒரு பெரிய இச்சிமரம் நின்றது. அதன் மேலே ஒரு மந்திக் கூட்டம் வாழ்ந்தது. எல்லாம் கறுத்த முகமும் சாம்பல் உடம்பும் நீண்ட வாலும் கொண்ட மந்திகள். மரத்தின் கீழே புள்ளிமான்கள் மேய்ந்தன.

மந்திகள் தின்னும்போது பாதி இலையைக் கீழே தவறவிடும். மான்கள் அதைத் தின்னும். புலி வாடை அடித்தால் மான்கள் குரல் கொடுக்கும். புலியின் தலை தெரிந்தால் மந்திகள் குரல் கொடுக்கும். அதனால் இரண்டு கூட்டத்துக்கும் நல்ல பழக்கம்.

மந்திகளில் மையழகி என்று ஒருத்தி இருந்தாள். மை பூசியதுபோல அவள் முகம் பளபளக்கும். அவளுடைய பால்குடி மறக்காத குட்டி எந்நேரமும் அவள் வயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்கும். அவளுக்கு வாலாயி என்ற அக்கா உண்டு. வாலாயிக்கும் ஒரு குட்டி இருந்தது. கீழே மேயும் மான்களில் செம்பி என்பவள் மையழகியின் தோழி.

ஒரு மத்தியானம் மந்திகள் வயிறு நிறைய இலை தின்றுவிட்டுக் கிளைகளில் சாய்ந்திருந்தன. ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தன. அப்போது நாட்டுக் குரங்கு ஒருவன் அங்கே வந்தான். அவன் பெயர் குல்லான். தலைமயிர் குல்லாய் மாட்டியதுபோல வட்டமாக இருக்கும். மலைக்கோயிலுக்குப் போகும் பாதையில், வண்டிகள் நிற்கும் வளைவில்தான் அவனுக்கு வாசம்.

"என்ன தாயி, இலையைத் தின்னுட்டு இப்படி மணிக்கணக்கா உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டான் குல்லான்.

"செரிக்கணுமில்ல? இலை கொஞ்சம் மெதுவாத்தான் செரிக்கும்" என்றாள் மையழகி.

"மெதுவாச் செரிக்கிறதை எதுக்குத் தின்னணும்? இதைத் தின்னு பாரு."

அவன் கையில் ஒரு பன் துண்டு இருந்தது. மையழகி வாங்கி வாயில் போட்டாள். கடிக்கவே வேண்டாம்போல அது கரைந்தது. நாக்கெல்லாம் இனித்தது. இத்தனை காலம் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போயிற்றே என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் குட்டியைக் கட்டிக்கொண்டு அவள் குல்லானோடு வளைவுக்குப் போனாள். கோயிலுக்கு வந்தவர்கள் வண்டியை விட்டு இறங்கினார்கள். "பாவம், குட்டி வச்சிருக்கு" என்று சொல்லிச் சொல்லி எறிந்தார்கள். பன், பிஸ்கட், சிப்ஸ், முறுக்கு, பாதி குடித்த ஜூஸ் டப்பா. எதற்கும் மரமேற வேண்டியதில்லை. கை நீட்டினால் போதும்.

முதலில் சாயங்காலமானால் இச்சிமரத்துக்குத் திரும்பினாள். பிறகு அதுவும் நின்றுபோனது. வளைவில் இருந்த நிழற்குடையின் தகரக் கூரைமேலேயே படுத்துக்கொண்டாள்.

நாட்கள் போகப் போக அவள் உடம்பில் சில மாற்றங்கள் தெரிந்தன. மயிர் சடைசடையாகத் திரண்டது. பளபளத்த முகம் வெளுத்தது. அடிக்கடி வயிறு கலங்கிப் போனது. எந்நேரமும் தின்றாள், ஆனாலும் எந்நேரமும் பசித்தது. குட்டி பாலுக்கு முட்டினால் எரிச்சலோடு தள்ளிவிட்டாள். முன்பெல்லாம் அவள் அப்படிச் செய்ததே இல்லை.

ஒருநாள் வாலாயி அவளைத் தேடி வந்தாள்.

"மையி, உடம்பு ஏன் இப்படி இருக்கு? வா, வீட்டுக்குப் போவோம். உன் முதுகெல்லாம் உண்ணி. நான் பார்த்து எடுக்கிறேன்."

"எனக்கு ஒண்ணுமில்ல. அங்க வந்து எதைத் திங்க? நீங்க திங்கிறது மாட்டுத் தீனி."

வாலாயியின் முகம் சுருங்கியது. "நம்ம அம்மா நம்மளை வளர்த்தது அந்த மாட்டுத் தீனியிலதான்" என்றாள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

பிறகு மழைக்காலம் வந்தது. மலையில் ஓரிடத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டது. வண்டிகள் வரவில்லை. வளைவு வெறிச்சோடியது. அங்கே திரிந்த நாட்டுக் குரங்குகள் ஒவ்வொன்றாக அத்திப்பழம் தேடிக் கீழ்க்காட்டுக்கு இறங்கின. மையழகிக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. இச்சிமரம் தூரமில்லை. ஆனால் அக்காவின் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது.

பக்கத்திலேயே ஒரு புங்கமரம் இருந்தது. பசி தாங்காமல் அதில் ஏறி இலையைப் பறித்துப் பறித்துத் தின்றாள். வயிறு நிறைந்தது. ஆனால் பசி அடங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பிக் கல்லானது. உள்ளே ஏதோ பொருமியது. அன்று முழுவதும் ஒரு கிளையைக் கட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தாள். தின்ற இலை அப்படியே வயிற்றில் கிடந்ததே ஒழியச் சத்தாக மாறவில்லை.

மறுநாளும் அப்படியே. பால் வற்றியது. குட்டி முதலில் அழுதது. பிறகு முனகியது. பிறகு முனகுவதும் குறைந்தது. அதுதான் மையழகியைப் பயமுறுத்தியது.

அந்தப் பக்கம் வந்த குல்லான் அவளைப் பார்த்து நின்றுவிட்டான்.

"என்ன தாயி இது? இலைதானே தின்ன? அது உனக்குப் பழகினதுதானே?"

"எனக்கே புரியல. பிறந்ததுல இருந்து தின்ன இலை, இப்போ விஷமாட்டம் இருக்கு."

குல்லான் தலையைச் சொறிந்தான். "நான்தான் உன்னை இங்க கூட்டிட்டு வந்தேன். எனக்கு வேற வயிறு, அதனால ஓட்டிட்டேன். உண்மையச் சொல்லணும்னா, எனக்கும் வயிறு சரியாவே இல்ல. வெளிய சொல்லிக்கல" என்றான். பிறகு ஓடைப் பக்கம் ஓடினான். சற்று நேரத்தில் செம்பியை அழைத்துக்கொண்டு வந்தான்.

செம்பி மரத்தடியில் நின்று மையழகியை அண்ணாந்து பார்த்தாள். உப்பிய வயிற்றைப் பார்த்ததும் அவள் காதுகள் தொங்கின.

"எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆச்சு" என்றாள். "இதே வளைவுல ஒரு லாரி அரிசியைக் கொட்டிட்டுப் போச்சு. புல்லைத் தவிர எதுவும் அறியாதவன். ஆசை தீரத் தின்னான். வயிறு நிறைஞ்சபடியே செத்துப்போனான்."

மையழகி குட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அரிசி விஷமா?"

"அரிசி விஷமில்ல. அவன் வயிறு அதுக்குப் பழகல. கேளு, அசை போடுற எங்களுக்கு இது தெரியும். உன் வயித்துல நீ மட்டும் இல்ல. கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உயிர்கள் கோடானுகோடி பேர் அங்க குடியிருக்காங்க. இலையை நீ மெல்லுறே, அவ்வளவுதான். அதைப் பக்குவமாக்கி, உனக்குச் சத்தா எடுத்துக் கொடுக்கிறது அவங்க. நீ திங்கிற இலைதான் அவங்களுக்கும் சாப்பாடு."

"நான்தான் இலையே திங்கலையே."

"அதைத்தான் சொல்றேன். நீ பன் தின்னு வயித்தை நிரப்பினே. அவங்க பட்டினி கிடந்தாங்க. பாதிப்பேர் செத்திருப்பாங்க. இனிப்பு பிடிச்ச வேற கூட்டம் அந்த இடத்துல வந்து உட்கார்ந்திருக்கும். அதுங்களுக்கு இலையை என்ன செய்யறதுன்னு தெரியாது. இப்போ திடீர்னு வயிறு முட்ட இலையைத் தள்ளினா, உள்ள யார் இருக்கா வேலை செய்ய?"

மையழகி குட்டியைக் குனிந்து பார்த்தாள். "அப்போ நான் சாகவேண்டியதுதானா?" என்று கேட்டாள். "நான் செத்தா இவன்?"

"உன் கூட்டத்துக்குப் போ. உனக்குள்ள செத்துப்போனவங்க, அவங்க வயித்துல உயிரோட இருக்காங்க. பேன் பார்க்கிற கை வழியா வருவாங்க. ஒரே கிளையை மாறி மாறிக் கடிக்கிற வாய் வழியா வருவாங்க. குட்டியா இருந்தப்போ உனக்கு அப்படித்தான் வந்தாங்க. தனியா இங்க கிடந்தா எங்கிருந்து வருவாங்க?"

"நான் எந்த முகத்தோட போவேன்? நீங்க திங்கிறது மாட்டுத் தீனின்னு அக்காகிட்ட சொல்லிட்டேன்."

"மாட்டுத் தீனியைத்தான் நானும் திங்கிறேன். எனக்கு ஒண்ணும் கோபமில்ல" என்றாள் செம்பி. "நட."

நடக்க அவளால் முடியவில்லை. குல்லான் குட்டியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான். மையழகி இரண்டடி வைத்தாள், உட்கார்ந்தாள், மறுபடியும் எழுந்தாள். செம்பி அவள் பக்கத்திலேயே நின்று நின்று நடந்தாள். மழை பிசுபிசுத்துக்கொண்டே இருந்தது.

இச்சிமரத்தடிக்கு வந்ததும் மேலிருந்து கூட்டத்தின் தலைவனான கடுவன் உறுமினான். அந்நியக் குரங்கு ஒருவன் தங்கள் குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? குல்லான் நடுங்கினான். ஆனாலும் குட்டியைக் கீழே விடவில்லை.

வாலாயி கிளைகளை உலுக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். குல்லான் கையிலிருந்து குட்டியை வாங்கினாள். தன் பிள்ளை ஒரு பக்கம் குடித்துக்கொண்டிருக்க, இதை மறுபக்கம் வைத்தாள். குட்டிக்கு முதலில் உறிஞ்சத் தெம்பில்லை. வாலாயி அதன் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு அது குடிக்கத் தொடங்கியது.

மையழகி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். "அக்கா, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தாள்.

"திரும்பி உட்காரு" என்றாள் வாலாயி.

மையழகி திரும்பி உட்கார்ந்தாள். சடை பிடித்த முதுகை வாலாயியின் விரல்கள் விலக்கின. ஓர் உண்ணியை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். மரத்திலிருந்து மற்ற மந்திகளும் இறங்கி வந்து சுற்றி உட்கார்ந்தன. எத்தனையோ நாளுக்குப் பிறகு தன் மேல் ஒரு கை பட்டதும் மையழகிக்கு உடம்பு குலுங்கியது. அவள் அழுவதை யாரும் பார்க்காததுபோல இருந்தார்கள்.

வயிற்றில் குடியிருப்பவர்களைப் பற்றிச் செம்பி வாலாயியிடம் சொன்னாள். வாலாயி ஓர் இளங்கொழுந்தைப் பறித்துப் பாதியைக் கடித்தாள். மீதியைத் தங்கையிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் தா."

"இன்னைக்கு இது போதும். உள்ள இருக்க வேண்டியவங்க ஒருத்தர் ரெண்டு பேராத்தான் வருவாங்க. கூட்டம் சேரட்டும்."

அப்படித்தான் நடந்தது. முதலில் கொழுந்து, பிறகு பூமொட்டு, அப்புறம் பழம், பிறகுதான் முற்றிய இலை. அவசரப்பட்டு ஒருநாள் கூடுதலாகத் தின்று மறுபடியும் வயிறு உப்பிப் படுத்தாள். வாலாயி திட்டினாள். அதற்குப் பிறகு அவள் அவசரப்படவில்லை. வயிற்றிலிருந்த கல் கரைந்தது. பசி வந்தால் பசியாக வந்தது, தின்றால் அடங்கியது. பாலும் ஊறியது. முகத்தில் மெல்ல மினுமினுப்பு திரும்பியது. எரிச்சலும் போன இடம் தெரியவில்லை.

குல்லானும் பக்கத்தில் இருந்த ஓர் அத்திமரத்திலேயே தங்கிவிட்டான். கடுவன் அவனைப் பார்த்து உறுமுவதை விட்டுவிட்டான். "வயிறு எப்படி இருக்கு?" என்று மையழகி அவனைக் கேட்பாள். "காய், பூச்சி, பழம்னு எல்லாத்துலயும் கொஞ்சம் திங்கிறேன். பரவாயில்ல" என்பான் அவன்.

பனி விலகிய ஒரு காலையில் மையழகி ஒரு கொழுந்தை மென்றுகொண்டிருந்தாள். குட்டி மடியிலிருந்து எழுந்து நின்று அவள் வாயையே பார்த்தது. பிறகு சின்னக் கையை நீட்டி, அவள் உதட்டிலிருந்து மென்ற இலையைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டது. கசப்பில் முகத்தைச் சுளித்தது. ஆனால் துப்பவில்லை.

"செம்பி, இங்க பாரேன். என் பிள்ளை இலை தின்னுட்டான்" என்று கீழே பார்த்துச் சொன்னாள் மையழகி.

"இலை மட்டுமா போச்சு? உள்ள குடியிருக்கப் போறவங்களும் போயிட்டாங்க" என்றாள் செம்பி.

மையழகி குட்டியை அணைத்து, மென்ற கொழுந்தில் இன்னும் கொஞ்சம் அதற்குக் கொடுத்தாள்.

நாக்குக்குப் பிடித்ததை மட்டும் தின்று, வயிற்றில் நமக்காக உழைக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பட்டினி போட்டால், நிறைந்த வயிற்றோடு நாமும் நலிந்துபோவோம்.