முயல் வலையோடு நின்ற படை

முன்னொரு காலத்தில் ஒரு மீசைக்காகப் போர் மூளப் பார்த்தது. விருந்தில் தன் மீசையைப் பார்த்து அண்டை நாட்டரசன் சிரித்துவிட்டான் என்று அரசன் கடம்பவேள் கொதித்துப் போயிருந்தான். ஆனால் நாட்டார் சபை சம்மதிக்காமல் அரசன் எவர்மீதும் போர் தொடுக்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். சபையோ, "மீசைக்காக எங்கள் பிள்ளைகளை அனுப்பமாட்டோம்" என்று மறுத்துவிட்டது.

தளபதி வயிரமேகன் ஒரு வழி சொன்னான்.

"போருக்குத்தானே அரசே சம்மதம் வேண்டும்? வேட்டை என்று சொல்லி எல்லை ஆற்றைக் கடப்போம். ஏற்பாட்டை விகடகவி கூத்தையனிடம் விடுங்கள்."

பின்னால் சபை சீறினால் பழி கூத்தையன் தலையில் விழும். அரசனின் செல்லப்பிள்ளை அதோடு ஒழிவான் என்று தளபதிக்கு உள்ளூர மகிழ்ச்சி.

அரசன் கூத்தையனை அழைத்தான். "இது வேட்டை. போர் என்ற பேச்சே எழக் கூடாது. வேட்டைக்கு வேண்டியதை மட்டும் செய்."

"உத்தரவு, அரசே."

மறுநாள் காலை ஆற்றங்கரைக்கு வந்த அரசன் திகைத்து நின்றான். வாள் இல்லை, கேடயம் இல்லை, முரசு இல்லை. படை முழுவதும் தோளில் முயல் வலையோடு நின்றது. வேட்டை நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன.

"என்ன கூத்து இது?" என்று தளபதி கத்தினான்.

"கேடயம் எதற்குத் தளபதியாரே? முயல் என்ன, திருப்பி வெட்டவா போகிறது?" என்றான் கூத்தையன்.

அப்போது, மார்பெல்லாம் தழும்பேறிய வீரன் ஒருவன் முன்னே வந்து கும்பிட்டான்.

"மகாராசா, ஒரு சந்தேகமுங்க. அக்கரையில செத்தா எனக்கு நடுகல் உண்டுங்களா? எங்கப்பனுக்கு இருக்குதுங்க."

அரசன் கூத்தையனைப் பார்த்தான்.

"கிடையாது, அரசே." கூத்தையன் குரலில் இப்போது விகடம் இல்லை. "நடுகல் போரில் விழுந்தவனுக்கு. முயல் பிடிக்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டால் ஊர் சிரிக்கும். இதைப் போர் என்று சொல்லவோ நமக்கு உரிமையில்லை. சபைதான் சொல்ல வேண்டும்."

அரசனின் முகம் வெட்கத்தில் சிவந்தது. அந்தத் தழும்புகளையே சற்று நேரம் பார்த்தவன், வீரனின் தோளைத் தொட்டான்.

"உன்னைப் பெயரில்லாமல் சாகவிடமாட்டேன். எல்லாரும் வீட்டுக்குப் போங்கள்!"

பிறகு தளபதி பக்கம் திரும்பியதும் அரசனுக்குச் சிரிப்புப் பொங்கிவிட்டது. "வயிரமேகா, நீ வேட்டைக்குத்தானே வந்தாய்? வலையை எடு. முயல் இல்லாமல் அரண்மனைக்குள் நுழையாதே!" என்று சொல்லி, தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தையன் கழுத்தில் போட்டான்.

சில நாளில் அண்டை நாட்டுத் தூதன் வந்தான். "தாங்கள் சபைக்குப் பயந்து திரும்பிவிட்டதாகக் கேள்வி" என்றான் ஏளனமாக.

கடம்பவேள் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"உண்மைதான். என் நாட்டாருக்குப் பயப்படுகிறேன். வேறு எவனுக்கும் பயப்படுவதில்லை என்று உன் அரசனிடம் போய்ச் சொல்."