அக்கரைப் புற்று

கருவேங்கைக் காட்டின் நடுவே ஓர் ஓடை ஓடியது. மலையிலிருந்து வரும் ஓடை. கோடையிலும் வற்றாது. அதன் இக்கரையில் செதிலி என்ற எறும்புதின்னி தன் குட்டியோடு ஒரு வளையில் வாழ்ந்து வந்தது.

செதிலிக்கு வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. ஆனால் உடம்பு முழுக்க ஓடு போன்ற செதில்கள். ஆபத்து என்றால் குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பந்து போலச் சுருண்டுவிடும். அப்புறம் நரி என்ன, செந்நாய் என்ன, யார் வந்து கடித்தாலும் பல்வலிதான் மிச்சம்!

சுருளச் சுருள அதுவே பழக்கமாகிவிட்டது. இடி இடித்தால் சுருளும். காய்ந்த கிளை விழுந்தால் சுருளும். புது வாசனை வந்தால்கூடச் சுருளும். வளைக்குப் பக்கத்தில் நாலு கறையான் புற்றுகள் இருந்தன. அவற்றைத் தாண்டி அது போனதே இல்லை.

அந்தக் கோடையில் நாலு புற்றுகளும் காலியாகிவிட்டன. நாக்கை நீட்டித் துழாவினால் மண்தான் ஒட்டிக்கொண்டு வந்தது. செதிலிக்குப் பால் வற்றியது.

"அம்மா, இன்னும் கொஞ்சம்!" என்று குட்டி முட்டியது.

"இருந்தால் கொடுக்க மாட்டேனா, கண்ணே?" என்றது செதிலி.

அக்கரையில் புற்றுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் யானையின் முழங்கால் உயரம்! செதிலி கரையில் நின்று அவற்றையே பார்த்தது.

பக்கத்து வளை முள்ளம்பன்றி முள்ளாண்டி அதைக் கவனித்தது. "இக்கரைக்கு அக்கரை பச்சை, செதிலி! இருக்கிற இடத்தில் இரு. மழை வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றது.

"மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே! உனக்குக் கிழங்கு கிடைக்கிறது, சொல்கிறாய். என் குட்டி அதுவரை தாங்குமா?"

இதைக் கேட்டுக்கொண்டே தண்ணீரிலிருந்து தலையை நீட்டியது நீர்நாய் துடுப்பன். "இதற்கா இவ்வளவு யோசனை? குதி! நாலு முறை காலை உதைத்தால் அக்கரை!"

"எனக்கு நீந்தத் தெரியாதே!"

"குதித்தால் தானே தெரியும்! இன்றைக்கே உன் பயத்தைத் தொலைத்துவிடு!"

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. செதிலி கண்ணை மூடிக்கொண்டு குதித்தது. காலுக்கு அடியில் தரை இல்லை என்றதும் சுருண்டது. கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது!

துடுப்பன் முழுகி, அதன் வாலைக் கவ்வி இழுத்துக் கரையில் போட்டது. "தண்ணீரில் போய் யாராவது சுருளுவார்களா?"

செதிலி இருமி இருமித் தண்ணீரைக் கக்கியது. "பயம் வந்தால் எனக்கு வேறு என்ன தெரியும்?"

"நான்தான் சொன்னேனே!" என்றது முள்ளாண்டி. "பேசாமல் வளைக்குள் கிட."

செதிலி இரண்டு நாள் வளைக்குள் கிடந்தது. மூன்றாம் நாள் குட்டி முட்டவில்லை. முட்டவும் அதற்குத் தெம்பில்லை. அதைப் பார்த்ததும் செதிலி எழுந்துவிட்டது.

ஓடையின் மேல்பக்கத்தில் ஒரு மருத மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. அன்று மாலை செதிலி அதன்மேல் முன்னங்கால் இரண்டையும் மட்டும் வைத்தது. உடம்பு நடுங்கியது. நடுக்கம் நிற்கும்வரை அப்படியே நின்றது. பிறகு வீடு திரும்பியது.

மறுநாள் நாலு காலையும் வைத்தது. மரப்பட்டையில் நகம் நன்றாக ஊன்றியது! அடுத்த நாள் பத்து அடி நடந்தது. வழியில் சருகுக்கு அடியில் கிடைத்த சிற்றெறும்புகளைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டது. குட்டிக்கும் கொஞ்சம் பால் ஊறியது. வளைக்குத் திரும்பிக் குட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கி எழுந்தால், மறுநாளைக்கு வேண்டிய தைரியம் எப்படியோ வந்துவிட்டது.

துடுப்பன் கேலி செய்தது. "நத்தைகூட உன்னை முந்திவிடும்!"

"முந்தட்டும். நான் பந்தயத்துக்கு வரவில்லை!" என்றது செதிலி.

ஐந்தாம் நாள் பாதி மரத்தைத் தொட்டுவிட்டு வந்தது. ஆறாம் நாள் மாலை குட்டி, "நானும் வருவேன்" என்று வாலைப் பற்றிக்கொண்டது. "கெட்டியாகப் பிடித்துக்கொள்" என்று செதிலி புறப்பட்டது. பாதியைத் தாண்டி இன்னும் நாலு அடி போய்விட்டுத் திரும்புவது என்று அதற்கு எண்ணம்.

மரத்தின் பாதிக்கு வந்தபோது பின்னால் பட்டை முறிகிற சத்தம் கேட்டது. செதிலி திரும்பிப் பார்த்தது. மரத்தின் மேல் ஒரு சிறுத்தை நின்றுகொண்டிருந்தது!

"சுருண்டுகொள், செதிலி!" என்று சிறுத்தை சிரித்தது. "நீ சுருண்டால் ஒரே தட்டு! தண்ணீருக்குள் போவாய். மூச்சு முட்டி நீ விரியும்போது குட்டியை நான் எடுத்துக்கொள்வேன்!"

செதிலியின் கழுத்து தானாகவே வளையத் தொடங்கியது. வால் மடங்கியது. இத்தனை நாள் அதன் உயிரைக் காத்த பழக்கம் அல்லவா? ஆனால் நகங்களுக்குக் கீழே மரப்பட்டை இருந்தது. ஐந்து நாளாகப் பிடித்துப் பழகிய பட்டை!

'இங்கே சுருளக் கூடாது' என்று செதிலி பல்லில்லாத வாயை இறுக மூடிக்கொண்டது. "கண்ணே, விட்டுவிடாதே!"

ஓடியது! இதுவரை கால் வைக்காத மீதி மரத்தில் ஓடியது. செதில்கள் கடகடவென்று ஆடின. ஓரிடத்தில் பாசி வழுக்கியது. நகத்தை ஆழமாக ஊன்றிச் சமாளித்தது. சிறுத்தையின் மூச்சு முதுகில் படும்போது அக்கரை மண் காலுக்கு வந்துவிட்டது.

அங்கே ஒரு நாவல் மரம். செதிலி அதன் இரண்டு பெரிய வேர்களுக்கு இடையே புகுந்தது. குட்டியை வயிற்றுக்கு இழுத்தது. இப்போது சுருண்டது!

சிறுத்தை அறைந்தது. செதில் அசையவில்லை. உருட்டப் பார்த்தது. வேர்கள் விடவில்லை. ஆத்திரத்தில் ஓங்கிக் கடித்தது. கடைவாய்ப்பல் ஒன்று விண்ணென்று தெறித்தது.

"உன் ஓட்டை நீயே வைத்துக்கொள்!" என்று உறுமிவிட்டுச் சிறுத்தை தாடையைத் தேய்த்துக்கொண்டே காட்டுக்குள் போனது.

வெகுநேரம் கழித்துச் செதிலி மெல்ல விரிந்தது. எதிரே பெரிய புற்று ஒன்று இருந்தது. நகத்தால் ஒரு கீறு கீறியதும் கறையான் பொங்கி வழிந்தது. வயிறு நிறையத் தின்றது. குட்டி பால் குடித்துக்கொண்டே உறங்கிப்போனது.

இக்கரையில் நின்ற துடுப்பனும் முள்ளாண்டியும் ஒரே குரலில் கேட்டன. "செதிலி! இனிமேல் அங்கேதானா?"

"இல்லை! சாப்பாடு இங்கே, தூக்கம் அங்கே!" என்றது செதிலி. "நாளைக்கு இந்தப் புற்றுகளுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பத்து அடி நடந்து பார்க்கப் போகிறேன்."

பழகிய பலத்தைக் கைவிடாமல், பழகாததை அடியடியாகப் பழகிக்கொள்பவருக்கே எங்கே ஓடுவது, எங்கே ஒடுங்குவது என்று தெரியும்.