வராதவர் இலை

வண்டிக்கரை மடத்தின் அன்னக்கூடத்தில் பந்தி எழுந்ததும் முதலில் குனிபவர் அணைஞ்சபெருமாள். எச்சில் இலை எடுப்பது அவர் தாமே கேட்டு வாங்கிக்கொண்ட தொண்டு. விடியலில் ஏரியில் முழுகி, வழித்துணையார் சந்நிதியில் விழுந்து எழுந்து, நெற்றியில் நீறு காயுமுன்பே கூடத்துக்கு வந்துவிடுவார். எம்.ஏ. படித்தவர். கல்லூரியில் சில காலம் தமிழ் நடத்தியவர். தலையில் ஒரு நரை கூட விழவில்லை.

"எம்.ஏ. வாராரு, வழி விடுங்கலே" என்பார் சாம்பார் வாளியோடு நிற்கும் பரிசாரகர். "சார், இலைக்கும் பாடம் எடுப்பீயளோ?"

பந்தி சிரிக்கும். அணைஞ்சபெருமாள் அடுத்த இலைக்கு நகர்வார். ஒவ்வோர் இலையை எடுக்கும்போதும் அவர் உதடு அசையும். ஏதோ மந்திரம் என்று எண்ணினார்கள். அவர் சொன்னவை மனிதர்களின் பெயர்கள்.

பெரும்பஞ்சத்தில் கரிசல்காட்டை விட்டுக் கிளம்பிய சனங்களைத் தண்ணீர் தேடி மேற்கே நடத்தி வந்தவர் மாடத்தியம்மை. வழியில் மாடுகள் செத்தன. மனிதர்களே நுகத்தடியைத் தோளில் வாங்கினார்கள். முதல் வண்டியில் வழித்துணையார் லிங்கமாக எழுந்தருளியிருந்தார். இந்த ஏரிக்கரையில் அச்சு முறிந்தது. அங்கேயே இறக்கிவைத்து ஊர் கட்டினார்கள், மடமும் கட்டினார்கள். வழியில் பேதி கண்டவர்கள், "எங்களால் நீங்கள் நிற்க வேண்டாம்" என்று தாமே விரும்பி ஓர் ஆலமரத்தடியில் தங்கிவிட்டார்கள் என்பது மடம் சொல்லிவரும் கதை. அவர்கள் நினைவாகப் பந்தியின் தலையில் இன்றும் ஓர் இலை போடுகிறார்கள். வராதவர் இலை என்று அதற்குப் பெயர். எல்லாம் பரிமாறுவார்கள். யாரும் உட்காரக் கூடாது. பந்தி எழுந்ததும் அந்தச் சோறு பசுவுக்குப் போகும்.

அம்மையின் வரலாற்றை எழுதுவதே தம் பிறவிப் பணி என்று அணைஞ்சபெருமாள் நம்பினார். கல்லூரி விடுமுறைகளில் அவரும் மனைவி பிரமுவும் அந்தப் பழைய வண்டித் தடத்தில் ஊர் ஊராகப் போனார்கள். அவர் ஆண்களிடம் கேட்டால் மடத்துக் கதையே திரும்பி வந்தது. பிரமு பீடி சுற்றும் பெண்களோடு உட்கார்ந்து, தாமும் இலை வெட்டிக்கொண்டே கேட்டார். அவருக்கு வேறு கதை கிடைத்தது.

"தூங்கிட்டு இருந்தவுகள விட்டுட்டு வண்டி போயிட்டும்மா" என்றாள் ஆலமரத்து ஊர்க்காரி ஒருத்தி. "எங்க ஊரு பொம்பளைக இன்னும் அந்த மரத்துக்குத் தண்ணி ஊத்துதோம். ஒவ்வொருத்தர் பேரா சொல்லித்தான் ஊத்துவோம்."

வண்டிகளைக் கிளப்பச் சொன்னவர் கூட்டத்தின் கணக்கர். மாடத்தியம்மைக்கு அடுத்த தங்கலில்தான் தெரிந்தது. குடத்தோடு தனியே திரும்பி நடந்தார். போய்ச் சேர்ந்தபோது அங்கே யாருக்கும் உயிர் இல்லை. ஊர் அமைந்த பிறகும் அவர் பந்தியில் உட்காரவில்லை. வராதவர்க்கு ஓர் இலை போட்டார். சாகும்வரை மற்றவர் இலைகளை எடுத்தார்.

பிரமு அந்தப் பெயர்களைத் தம் கையால் எழுதிவந்தார். கடைசிப் பயணத்தில் பேருந்தில் திரும்பும்போது, "கைப்பிள்ளையோட ஒருத்தி இருந்திருக்கா. அவ பேரும் கெடச்சிட்டு" என்று சொல்லி, பெயரையும் சொன்னார். அணைஞ்சபெருமாள் அரைத் தூக்கத்தில் "ம்" என்றார். எழுதியிருப்பாள், வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

வீட்டுக்கு வந்த வாரமே பிரமுவுக்குக் காய்ச்சல். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்கள். வீட்டுக்கூரை ஒழுகியது. காகிதங்கள் அடங்கிய டிரங்குப் பெட்டியை அவர் பேராசிரியர் சங்கரபாகத்திடம் கொண்டுபோய் வைத்தார். அவரைக் கல்லூரியில் சேர்த்துவிட்டவர், கல்யாணத்துக்கு முன்னின்றவர், அண்ணன் போன்றவர்.

"பெட்டி என் கண்ணுக்குள்ள இருக்கும்டே. நீ அவளப் பாரு" என்றார் சங்கரபாகம்.

பிரமு பிழைக்கவில்லை.

காரியம் முடிந்து பெட்டியை வாங்கப் போனவரை மடத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே நூலகத்தின் இரும்பு பீரோவுக்குள் பெட்டி இருந்தது. பீரோச் சாவி சங்கரபாகத்தின் இடுப்பில் இருந்தது. மடத்து நூலகம் இப்போது அவர் பொறுப்பு. அம்மையின் வரலாற்றை அவரே எழுதுவதாக ஏற்பாடாகியிருந்தது.

மடத்துத் தலைவர் சபாபதியார் அந்தக் கணக்கரின் வம்சத்தில் வந்தவர். பெட்டியைக் கேட்டதற்கு அவர் கோபப்படவில்லை.

"தம்பி, நீயே எழுது. பெட்டியையும் வச்சிக்கோ. 'விரும்பி நின்றார்கள்'னு ஒரு வரி. அது போதும்."

"அவங்க தூங்கிட்டு இருந்தாங்கய்யா."

"அதப் பாத்தது யாரு?"

"பாத்தவங்கதான் விட்டுட்டு வந்தாங்க."

அத்தோடு பேச்சு முடிந்தது. வெளியே வந்ததும் சங்கரபாகம் அவர் தோளில் கை வைத்தார். "உன் நல்லதுக்குத்தான்டே செஞ்சேன். மடத்தப் பகைச்சிக்கிட்டு என்ன எழுதப் போற?"

அணைஞ்சபெருமாள் அந்தக் கையைப் பார்த்தார். "அந்தக் கைப்பிள்ளைக்காரி பேரு பிரமு எழுத்துல இருக்கும். அத மட்டும் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. எனக்கு ஞாபகம் இல்ல."

"பெட்டியத் தொறக்க உத்தரவு இல்லடே."

ஆலமரத்து ஊருக்குப் போனார். பெயரைச் சொன்ன கிழவி இறந்திருந்தாள். மற்றப் பெண்கள் அந்த ஒருத்தியைக் 'கைப்பிள்ளைக்காரி' என்று மட்டுமே அறிந்திருந்தார்கள்.

அன்று அவர் சந்நிதியில் வெகுநேரம் நின்றார். கேள்வி இருந்தது. கேட்காமலே விழுந்து எழுந்தார். தம்மை ஏமாற்றியவர்கள் உண்ணும் கூடத்துக்கே போய், அம்மை செய்த வேலையைக் கேட்டு வாங்கினார். சங்கரபாகத்தின் இலையையும் அவரே எடுத்தார். இலைக்கு ஒரு பெயர் சொல்லி எடுத்தார். பெயர்கள் முடிந்தால் முதலிலிருந்து தொடங்குவார். வராதவர் இலைக்கு வரும்போது மட்டும் பெயர் இருக்காது. "தாயே" என்று சொல்லி, சோறு சிந்தாமல் திறந்தபடியே தூக்கிப் பசுவிடம் கொண்டுபோவார். பிரமு கண்டெடுத்ததைத் தூங்கித் தொலைத்தேனே என்ற நினைப்பு தினமும் அந்த இடத்தில் அவர் முதுகை ஒடித்தது. ஆனாலும் மறுநாள் விடியலில் அவர் ஏரியில் முழுகினார். வழித்துணையார் கைவிட்டார் என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை.

அவர் இலை எடுக்கத் தொடங்கிய மூன்றாம் ஆண்டு, அம்மையின் குருபூசை. மதியப் பந்தி நிறைந்திருந்தது. முதல் வரிசையில் சபாபதியாரும் சங்கரபாகமும் இருந்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். முழங்கால்வரை கரிசல் புழுதி. நேரே போய் வராதவர் இலையில் உட்கார்ந்தாள்.

"ஏ தாயி, எந்திரி" என்றார் பரிசாரகர். "அது வராதவுக இலை."

"அதான் வந்துட்டம்லா" என்று சொல்லிவிட்டு, அவள் பருப்பைப் பிசைந்து பிள்ளைக்கு ஊட்டினாள்.

சபாபதியார் இருந்த இடத்திலிருந்தே கேட்டார். "எந்த ஊரும்மா?"

"வழியிலதான் கெடந்தோம். கண்ணு முழிச்சா வண்டியக் காணும். நடந்து வாறோம்."

"பேரு?"

"முப்பிடாதி."

சங்கரபாகத்தின் கை வாய்க்குப் போகாமல் நின்றது. பிடித்த சோறு இலையில் உதிர்ந்தது. அவர் முகத்தைப் பார்த்த அணைஞ்சபெருமாளுக்கு அது எந்தப் பெயர் என்று விளங்கிவிட்டது.

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். "ஒரு புள்ள எங்க ஊருக்கு வந்து எம்பேரக் கேட்டுட்டுப் போனா. அதுக்கப்புறந்தான் எனக்கு வழி தெரிஞ்சுது" என்றாள்.

நிதானமாக மோர்வரை உண்டாள். பிள்ளையின் வாயைத் துடைத்தாள். எழுந்து கைகழுவப் போனாள். தொட்டிப் பக்கம் போய்ப் பார்த்தவர்கள் ஈரத்தரையில் புழுதித் தடம் கண்டார்கள், ஆளைக் காணவில்லை.

பந்தி எழுந்தது. அணைஞ்சபெருமாள் வராதவர் இலைக்கு வந்தார். வயிறும் மனமும் நிறைந்தவர் இலையைத் தம் பக்கமாக மடிப்பது வழக்கம். இந்த இலையை மடிக்க இதுவரை ஆள் இருந்ததில்லை. அன்று அது உண்டவள் பக்கமாக மடித்துக் கிடந்தது. அவர் குனிந்து, கண்ணில் ஒற்றி, "முப்பிடாதி" என்று சொல்லி எடுத்தார்.

சாயங்காலம் சங்கரபாகம் சந்நிதிப் படியில் சாவியை வைத்தார்.

"அந்தப் பேர நான் அன்னைக்கே சொல்லியிருக்கலாம் அணஞ்சா."

"சொல்லியிருக்கலாம் அண்ணாச்சி."

அணைஞ்சபெருமாள் சாவியை எடுத்துக்கொண்டார். மறுநாள் வழக்கம்போல் சங்கரபாகத்தின் இலையையும் எடுத்தார். சபாபதியார் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை.

வரலாறு இன்றுவரை எழுதி முடியவில்லை. மடத்து நூலகத்தில் அந்தப் பெட்டி பூட்டின்றி இருக்கிறது. கேட்பவர் எடுத்துப் பார்க்கலாம். மேல்தாளில் பிரமு எழுதிய பெயர்கள். குருபூசை அன்று பந்தி வைக்குமுன் அவற்றை உரக்கப் படிக்கிறார்கள். ஏரிக்கரையில் அச்சை முறித்துக்கொண்டு நின்ற வழித்துணையார், பின்னால் வருபவர்களுக்காகவே நின்றார் என்பது இப்போது ஊர் சொல்லும் கதை. அவர்கள் வந்து சேரும்வரை எச்சில் இலைகளுக்கு நடுவே பெயர் காத்த அணைஞ்சபெருமாளின் குனிந்த முதுகுக்கு நம் வணக்கம்.