இடது சக்கரத்து வாசர்

சிறுமலை அடிவாரத்தில் ஜெசிந்தா பட்டறை வைத்திருந்தாள். வயது நாற்பது. அவளிடம் தொழில் கற்க வந்த காத்தவராயனுக்கு ஐம்பத்தாறு. முப்பது வருஷம் மலைப்பாதையில் லாரி ஓட்டியவர். முழங்கால் கிளட்சை மிதிக்க மறுத்ததும் இங்கே வந்து நின்றார்.

"ஓட்டத்தான் தெரியும் தாயி. உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. சொல்லிக் குடுங்க."

"உக்காருங்கண்ணே" என்றாள் அவள். இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அன்று மலைமேல் கிராமத்து லாரி வந்திருந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி. அந்தப் பாதைக்கு வேறு வண்டி ஆகாது. முன் ஆக்ஸிலில் இரண்டு பக்கமும் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பைத் திறந்து, பேரிங்கைக் கழுவி, புது கிரீஸ் அடைக்கவேண்டும். வலது சக்கரத்தை அவரிடம் விட்டுவிட்டு இடதை அவள் எடுத்துக்கொண்டாள்.

பேரிங்கை முடுக்கி நிறுத்த இரண்டு நட்டு. நடுவில் ஒரு வாசர். அந்த வாசரின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் காதை நட்டின்மேல் மடக்கிவிட்டால்தான் நட்டு கழலாது.

மதியத்தோடு வேலை முடிந்தது. சந்தைக்கு வந்திருந்த மலைக் கிராமத்துப் பெண்கள் பதினாலு பேர் மூட்டைகளோடு ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். டிரைவர் பரமன் சாவியைத் திருகினான்.

காத்தவராயன் ஸ்பேனர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கந்தல் துணிக்கு அடியில் ஒரு வாசர் கிடந்தது. புதுசு.

வாங்கி வந்தது இரண்டு. தன்னுடையதை மடக்கும்போது விரலில் கிழித்து ரத்தம் வந்திருந்தது. அப்படியென்றால் இது இடது பக்கத்தது.

ஜெசிந்தா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். 'பொம்பளை பூட்டுன சக்கரமா?' என்று கேட்ட ஊர் அது. இந்தப் பரமன் தன் வண்டியை இங்கே விட ஆறு வருஷம் ஆனது.

"வண்டிய நிறுத்துப்பா! எல்லாரும் இறங்குங்க!" காத்தவராயன் கத்தினார். "இடது சக்கரத்துல வாசர் போட மறந்துட்டேன்."

பரமன் குதித்து இறங்கினான். "முழங்கால் போச்சுன்னு வந்தீரு. மூளையும் போச்சா? கொண்டை ஊசி வளைவுல சக்கரம் கழண்டிருந்தா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜெசிந்தா ஈரக்கையோடு வந்தாள். அவர் உள்ளங்கையில் இருந்த வாசரைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பரமா, அவரைத் திட்டாத. இடது பக்கம் நான் பூட்டுனது. விட்டது நான்தான். அண்ணன் பாக்கலைன்னா பதினாலு உசுரு."

பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒரு பெண் மட்டும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய் நின்றாள்.

ஜெசிந்தா மறுபடி ஜாக்கி வைத்தாள். ஆறு போல்ட்டையும் கழற்றி மூடியை எடுத்தாள். இரண்டு நட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவே ஒன்றுமில்லை. வெளி நட்டைக் கழற்றி, வாசரைப் போட்டு, முடுக்கி, சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துக் காதை மடக்கினாள். பரமன் குத்தவைத்து உட்கார்ந்து கண் எடுக்காமல் பார்த்தான்.

"நீங்க பாருங்கண்ணே."

காத்தவராயன் விரலை விட்டுத் தடவினார். தலையசைத்தார். மூடினார்கள்.

லாரி கிளம்பியது. தள்ளி நின்ற பெண்ணும் கடைசியில் ஏறினாள். வலது சக்கரத்துப் பக்கமாக இடம் பார்த்து உட்கார்ந்தாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது காத்தவராயன் தன் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

"நான்தான் ஏத்துக்கிட்டேனே தாயி. எனக்குப் போறதுக்கு என்ன பேரு இருக்கு? உங்களுக்கு இருக்கு. எதுக்குச் சொன்னீங்க?"

ஜெசிந்தா தன் ஆம்லெட்டைப் பாதியாகப் பிய்த்தாள். அவர் தூக்கைத் திறந்து சோற்றின்மேல் வைத்தாள்.

"இன்னொரு நாளும் நான் எதையாவது விடுவேன்ல அண்ணே. அன்னைக்கு நீங்க கூசாம என் பேரைச் சொல்லணும்."