கடைசிக் கால் சுற்று

பம்ப்செட் பிட்டர் செங்கோடனுக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குரு பர்வீனுக்கு முப்பத்தொன்று. பீளமேட்டில் ஒரு மாடியறையில் மாடல் ஹெலிகாப்டர் கட்டக் கற்றுத் தருகிறவர் பர்வீன்.

செங்கோடனால் ஓரிடத்தில் உட்கார முடியாது. திருகுவார், போனைப் பார்ப்பார், ஜன்னலுக்குப் போவார், வந்து மறுபடி திருகுவார். ஞாயிற்றுக்கிழமை மகள் வருவதாக அவள் அம்மா சொல்லியிருக்கிறாள். எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய் என்று இவர் நாளுக்குப் பத்து தடவை கேட்டதில், எட்டு மாதமாகப் பேச்சையே நிறுத்திவிட்டவள். அவள் வாங்கிப் பிரிக்காமலே பெட்டியோடு விட்டுப்போன ஹெலிகாப்டரைக் கட்டி, அவள் கண்முன் பறக்கவிட வேண்டும். பாவம், மனுஷருக்கு இப்போது வேறு நினைப்பே இல்லை.

"டீச்சர், எல்லாம் மாட்டியாச்சுங்க. ஆனா அசைச்சா இறுக்கமா இருக்குது. எண்ணெய் விடட்டுங்களா?"

பர்வீன் ஹெலிகாப்டரைத் தன் பக்கம் இழுத்தார். இறக்கையைச் சாய்க்கும் குட்டிக் கை ஒன்றைத் தூக்கிவிட்டார். அது அப்படியே அந்தரத்தில் நின்றது.

"தன் எடைக்கே விழோணுங்ணா."

"மோட்டார் மாட்டினா தள்ளிராதுங்களா?"

"தள்ளும். மேல போனதுக்கப்புறம் சொன்ன பேச்சு கேக்காது."

பர்வீன் அந்தக் கையின் திருகைக் கால் சுற்று தளர்த்தினார். கை பொத்தென்று விழுந்தது. செங்கோடன் பதறிவிட்டார்.

"ஐயோ, கழண்டுக்குமேங்க!"

பர்வீன் திருகின் மேல் ஒரு சொட்டுப் பசை வைத்தார். "இது பிடிச்சுக்கும். காயற வரைக்கும் தொடாதீங்க."

மீதிப் பதினொரு கைகளையும் செங்கோடனே தளர்த்திப் பசை வைத்தார். பிறகு போனைப் பார்த்தார். எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி பார்த்தார். மகள் அனுப்பியது எதுவும் இல்லை.

அரை மணி கழித்து பர்வீன் ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டார். நான்கு கைகள் விழாமல் நின்றன.

"நான் தொடவே இல்லைங்க டீச்சர்!"

"தொட்டீங்கண்ணா. ஒவ்வொரு தடவையும் போனைப் பாத்துட்டு வந்து ஒரு கால் சுத்து."

செங்கோடன் தன் வலது கையைப் பார்த்தார். தண்ணீர் ஒழுகிவிடக் கூடாதே என்று முப்பது வருஷம் எல்லாத் திருகையும் கடைசியாக ஒரு கால் சுற்று இறுக்கிய கை. அவர் மாட்டிய பம்ப் ஒழுகாது என்று நாலு ஊரில் பேர் வாங்கிக் கொடுத்ததும் அதே கைதான். அது தன்னைக் கேட்காமலே வேலை செய்திருக்கிறது என்பது அவருக்கு வெட்கமாக இருந்தது.

நான்கையும் மறுபடி தளர்த்தினார். சாயங்காலம் பன்னிரண்டு கைகளும் விழுந்தன. அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. திருப்புளியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"டீச்சர், அவ ஒரு மணி நேரந்தான் இருப்பாளாம். இன்னுங் கொஞ்சம் இருக்க வெக்கோணும்னா நான் என்னங்க பண்றது?"

பர்வீன் அவர் கையிலிருந்து திருப்புளியை வாங்கினார். தன் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

"திங்கக்கிழமை வந்து வாங்கிக்குங்கண்ணா."