விடிவெள்ளிக்கு நாலு பெயர்

ஏரிக்கரையில் ஓர் ஆட்காட்டிக் குருவி நாலு முட்டை இட்டிருந்தது. கூடு என்று ஒன்றும் கிடையாது. கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். விடிவதற்கு முன்னால் அது சேற்றில் புழு பொறுக்கப் போயாக வேண்டும். போனால் முட்டைக்கு யார் காவல்?

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் முன்வந்தார்கள்.

"வளைதிரும்பி முளைக்கிற வரைக்கும் நான் பார்த்துக்கிறேன் தங்கச்சி" என்றது முள்ளம்பன்றி.

"கூவல்மீன் முளைச்சதும் நான் வந்து நிப்பேன்" என்றது காட்டுச் சேவல்.

இரண்டும் விடிவெள்ளியின் பெயர்கள்தாம். அது முளைத்ததும் முள்ளம்பன்றி வளைக்குத் திரும்பும், சேவல் கூவும். ஆட்காட்டியின் மொழியில் அது பனிமீன். அவரவர் பாட்டுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். மூன்று நாள் ஒரு குறையும் இல்லை.

நாலாம் நாள் பொழுது விடிந்து ஆட்காட்டி திரும்பி வந்தபோது பள்ளத்தில் மூன்று முட்டைதான் இருந்தது. காவலுக்கு யாரும் இல்லை. அது போட்ட கூச்சலில் முள்ளம்பன்றி தூக்கம் கலைந்து ஓடி வந்தது. சேவலும் இறங்கி வந்தது.

"வளைதிரும்பி முளைச்சுது, நான் போயிட்டேன். பேச்சு அப்படித்தானே?" என்றது முள்ளம்பன்றி.

"என் கூவல்மீன் முளைக்கவே இல்லையே! நரியார் மரத்தடிக்கு வந்து சொன்னாரு. 'அது முள்ளம்பன்றியோட மீனுப்பா. கிழங்கு தோண்டுறவன் மீனும் உன் மீனும் ஒண்ணா? உன்னுது இன்னும் பெருசு, பின்னால வரும்'னாரு. நானும் காத்துக்கிட்டிருந்தேன்."

பின்னால் பெரிதாக வந்தது சூரியன்தான். அதைச் சொல்லச் சேவலுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் கோபமாகி, முள்ளம்பன்றியோடு சண்டைக்குப் போனது. இரண்டும் முட்டையை மறந்துவிட்டு, யார் மீன் உசத்தி என்று மல்லுக்கு நின்றன.

அந்த நேரம் பார்த்து நரி வந்தது. "ஏன் அடிச்சுக்கிறீங்க? ரெண்டும் வேற வேற மீன். நடுவுல கொஞ்ச நேரம் காவல் இல்லை. பாவம், யாரை நோக?" என்று உச்சுக் கொட்டியது. "இனிமே அந்த நேரத்துக்கு வேணும்னா நான் வந்து உட்கார்றேன்."

"ரொம்ப நல்லது அண்ணே. நாளைக்கே வாங்க. ரெண்டு மீனையும் உங்களை வச்சே பார்த்துடலாம்" என்றது ஆட்காட்டி.

மறுநாள் அது இரை தேடப் போகவில்லை. பசியோடு முட்டைமேலேயே உட்கார்ந்திருந்தது. முள்ளம்பன்றியும் சேவலும் பக்கத்தில் நின்றன. நரியும் சொன்னபடி வந்தது. வாகை மரத்துக்கு மேலே விடிவெள்ளி பளிச்சென்று எழுந்தது.

"முள்ளண்ணே, உங்க வளைதிரும்பி எங்கே?"

முள்ளம்பன்றி மூக்கை நீட்டியது.

"சேவலண்ணே, நரியார் சொன்னதை விடுங்க. நீங்க தினமும் எதைப் பார்த்துக் கூவுவீங்க?"

சேவல் தயங்கித் தயங்கி அலகைத் தூக்கியது. மூக்கும் அலகும் ஒரே இடத்தைக் காட்டின.

"என் பனிமீனும் அதுதான்" என்றது ஆட்காட்டி. "நரியண்ணே, உங்க மொழியில அதுக்கு என்ன பேரு?"

மூன்று முட்டையையே பார்த்துக்கொண்டிருந்த நரி, யோசிக்காமல் சொல்லிவிட்டது.

"கடைசிக் கவளம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டது. அந்த வெள்ளி முளைக்கும் நேரத்தில் நரிக்கு என்ன வேலை என்று இப்போது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

முள்ளம்பன்றி மெல்லத் திரும்பி, முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாகவே பாய்ந்தது. மூக்கில் மூன்று முள்ளோடு ஓடிய நரி அப்புறம் அந்தக் கரைப் பக்கம் வரவில்லை.

பத்து நாளில் மூன்று குஞ்சுகள் பொரிந்தன. நாலாவதை நினைத்து ஆட்காட்டி அன்றும் அழுதது. நரி ஓடிய நாள் முதல் காவல் மாறும்போது முள்ளம்பன்றியும் சேவலும் பெயர் சொல்வதில்லை. இருவரும் சேர்ந்து வானத்தைப் பார்த்த பிறகே ஒருவர் போவார், ஒருவர் நிற்பார்.

ஒரே பொருளை வேறு வேறு பெயரால் அழைப்பவர்கள் அதைச் சேர்ந்து நின்று பார்க்காவிட்டால், நடுவே நுழைகிறவனுக்குத்தான் லாபம்.